எட்டும் ஐந்தும்

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு ஆறு வயது. நூறு வரை தடையில்லாமல் எண்ணுவாள். ஆனால் 8-ஐயும் 5-ஐயும் கூட்டச் சொன்னால் இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். தினமும் மாலையில் மூன்று நிமிடத்தில் இருபது கணக்கு என்று கைபேசியில் நேரம் வைத்துப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு வாரமாக நோட்டை எடுத்தாலே அழுகிறாள். எனக்குச் சிறுவயதில் கணக்கு என்றாலே நடுக்கம். அது அவளுக்கும் வந்துவிடக் கூடாது. வீட்டில் என்ன விளையாட்டுகள் ஆடலாம்? விரலை எப்படி நிறுத்துவது? நல்ல செயலியோ மணிச்சட்ட வகுப்போ உதவுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன். செயலியும் வகுப்பும் இப்போது வேண்டாம், விடுங்கள். முதலில் அந்தக் கடிகாரத்தை அணையுங்கள். கணக்கைக் கண்டு நடுங்குவது எப்படியிருக்கும் என்று அறிந்த நீங்களே ஆறு வயதுக் குழந்தையின் முன்னால் விநாடிகளை ஓடவிட்டீர்கள் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. விடை தானாக வந்துவிட்டால் மனம் கணக்கைப் புரிந்துகொள்வதில் நிற்கும் என்பதற்காகத்தானே கூட்டலில் சரளம் வேண்டும் என்கிறோம்? அந்த மனத்தையே அச்சம் பிடித்துக்கொண்டால் எட்டும் ஐந்தும் எங்கே போய் உட்காரும்?

விரலையும் நிறுத்த வேண்டாம். குழந்தைகள் முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். பிறகு எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே போவார்கள். பிறகு ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்ப்பார்கள். எண்ணாமலே 13 என்று சொல்வது அதற்கும் பிறகு. அடுத்த படியில் கால் ஊன்றியதும் விரல் தானாக மடங்கும்.

நானும் உங்களைப் போல அவசரப்பட்டவன்தான். என் மகனுக்கு ஐந்து வயதானபோது பாம்பும் ஏணியும் ஆடிக்கொண்டிருந்தோம். அவன் காய் 23-இல் நின்றது, பகடையில் 4 விழுந்தது. புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, காயைத் தூக்கி "ஒன்று, இரண்டு" என்று தொடங்கினான். நான் பொறுக்காமல் "27-டா, அங்கே வை" என்றேன். அவன் காயைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே ஆடுங்கப்பா" என்று எழுந்து போனான். அதன் பிறகு என்னுடன் பல நாட்கள் ஆடவில்லை. என் அம்மாவுடன்தான் ஆடினான். அம்மாவுக்கு அப்போது கண் மங்கியிருந்தது. கட்டத்தில் உள்ள எண் தெரியாததால், "எந்தக் கட்டத்துக்குப் போகிறாய், சொல்லிக்கொண்டே போ" என்று கேட்பார். அவனும் பாட்டிக்காக "24, 25, 26, 27" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நகர்த்தினான். அம்மா திருத்தவும் மாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். சில வாரங்களில் அவன் பகடைப் புள்ளிகளைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

என் அம்மா தேவைக்காகச் செய்தது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதை எட்டாத, வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்களிலும், மற்றவர்கள் வெறும் வண்ணக் கட்டங்களிலும் ஆடினார்கள். சில வாரங்களில் நான்கே அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூட. எண் கட்டங்களில் ஆடியவர்கள் தெளிவாக முன்னேறினார்கள்; ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. வண்ணக் கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே கட்டத்தில் எண் இருக்க வேண்டும், குழந்தை அதை வாயால் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். "ஒன்று, இரண்டு" என்று தொடங்கினால் அதட்டாதீர்கள். உங்கள் முறை வரும்போது நீங்கள் "24, 25" என்று சொல்லி நகர்த்துங்கள், போதும்.

நீங்கள் கேட்டது விளையாட்டுகளை. பகடை உருட்டியதும் அடியில் மறைந்திருக்கும் எண் என்ன என்று மாறிமாறி ஊகியுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 7 என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும், தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எட்டும் ஐந்தும் அவளுக்கு இடறுவதால் இன்னொன்று சொல்கிறேன். சீட்டுக்கட்டில் பத்தையும் படச் சீட்டுகளையும் எடுத்துவிட்டால், ஏஸை ஒன்றாக வைத்து 36 சீட்டுகள் மிஞ்சும். அவற்றைக் கவிழ்த்துப் பரப்பி, ஆளுக்கு இரண்டாகத் திறக்க வேண்டும். கூட்டினால் பத்து வரும் சோடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அங்கேயே கவிழ்த்துவிட வேண்டும். எட்டுக்கு இரண்டு துணை என்பது கைக்குப் பழகிவிட்டால், ஐந்திலிருந்து அந்த இரண்டை எடுக்க அவளுக்கே தோன்றும்.

இன்று மாலை கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அவளுடன் தரையில் உட்காருங்கள். அவள் எட்டைத் திறந்துவிட்டு விரல்களை விரித்துப் பார்த்தால், அவள் முகத்தையும் பார்க்காதீர்கள், விரலையும் பார்க்காதீர்கள். கவிழ்ந்திருக்கும் சீட்டுகளில் இரண்டு எங்கே இருந்தது என்று நீங்களும் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருங்கள்.