ஓசூர் ஸ்ட்ரைக்கரை எடுக்கலாமா?

ஓசூரில் 14 கோல் அடித்த ஸ்ட்ரைக்கரை (கோல் அடிக்கும் முன்கள வீரரை) உங்கள் கால்பந்து அணிக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் அந்த 14 கோலை நம்பி எடுக்காதீர்கள். அதில் 5 பெனால்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 11 மீட்டரில் கீப்பர் மட்டும் எதிரே நிற்க, தொழில்முறை ஆட்டத்திலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகிறது. மிச்சம் 9தான் கணக்கு.

ஓசூரில் அள்ளிப் போட்டவர் கிருஷ்ணகிரியில் உங்களோடு ஆடிய இரண்டு நட்பு ஆட்டத்திலும் காணாமல் போனதற்கு, அந்த 9 கோலும் செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில்) வந்ததே காரணமாக இருக்கலாம். சின்ன மைதானம், பெரும்பாலும் ஆஃப்சைடு (பந்து பாஸாகும்போதே எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்பது) பார்ப்பதில்லை. கோல் வாயிலிலேயே நின்று பழகியவருக்குப் பதினொருவர் ஆட்டத்தில் லைன்ஸ்மேன் கொடிதான் முதல் எதிரி.

இன்னொரு முழு ஆட்டம் வைத்து அவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் சரி, உங்கள் கண் அவர் மேலேயே இருக்கட்டும். விங்கர் (ஓரத்தில் ஆடுபவர்) கோல் முன்னால் கிராஸ் போடத் தலை தூக்கும்போது டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நழுவுகிறாரா? கிடைக்கும் ஷாட் பெனால்டி பெட்டிக்குள்ளா, இல்லை முப்பது கஜத்திலிருந்து ஆசைக்கு அடிப்பதா? அப்புறம், 70 நிமிஷத்துக்கு மேலும் ஓடுகிறாரா? எனக்கு இதுதான் கோலைவிட முக்கியம்.

இன்னொன்று, உங்கள் நடுக்களம் அவருக்குப் பந்தே கொடுக்கவில்லை என்றால் ஷாட் குறைவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய கிளப்பில் பதிவு செய்தவர் என்றால் முன்பணம் கொடுக்கும் முன் அவர்களின் விடுவிப்புக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.