ஹசார்ட், ரிஸ்க், டேஞ்சர்: கேள்வி பதில்

கே: சார், ஹசார்ட், ரிஸ்க் இரண்டுக்கும் அகராதியில் 'ஆபத்து' என்றுதான் இருக்கிறது. பணியிடப் பாதுகாப்புக்கு நிரப்பும் ரிஸ்க் அசெஸ்மென்ட் ஃபார்மில் இரண்டு கட்டத்திலும் அதையே எழுதலாமா?

ப: எழுதினால் ஆடிட்டர் திருப்பி அனுப்புவார். கேடு செய்யக்கூடிய பொருளோ நிலையோ ஹசார்ட். அந்தக் கேடு நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம், இரண்டும் சேர்ந்தது ரிஸ்க்.

5 லிட்டர் அடர் கந்தக அமிலக் கேன் ஒன்று. மூடி இறுகி, பூட்டிய அலமாரியில், அடியில் தட்டோடு இருந்தால் ரிஸ்க் குறைவு. நடைபாதையில் மூடி தளர்ந்து நின்றால் அதிகம். ஹசார்ட் இரண்டு இடத்திலும் ஒன்றேதான், தோலை அரிக்கும். கையுறை போட்டால் குறைவது ரிஸ்க். அமிலத்தையே நீர்க்கச் செய்தால் ஹசார்டே குறையும். (தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.)

ஹசார்ட் கட்டத்தில் 'ஈரத் தரை' என்று எழுதுங்கள். 'வழுக்கி விழலாம்' என்பது விளைவு, அதற்குத் தனிக் கட்டம்.

கே: எச்சரிக்கைப் பலகையில் வரும் டேஞ்சர், வார்னிங், காஷன் எல்லாம் ஒன்றுதானே?

ப: இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான அன்சியின் முறையில், தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ உறுதி என்றால் டேஞ்சர், சிவப்பு. நேரக்கூடும் என்றால் வார்னிங், ஆரஞ்சு. சிறுகாயம், நடுத்தரக் காயத்தோடு போகும் என்றால் காஷன், மஞ்சள். ரசாயன லேபிளுக்கான ஜிஹெச்எஸ் முறையில் காஷனே கிடையாது.

கே: டேங்கர் லாரியில் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எரியாது என்றா பொருள்?

ப: எரியும்! அந்த 'இன்' எதிர்மறை இல்லை. எரியாததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'.

கே: நாற்சந்தியில் நேராகப் போக ஹசார்ட் லைட் போடலாமா?

ப: கூடாது. உங்கள் இடப்பக்கம் வருபவருக்கு இடது விளக்கு மட்டும் தெரியும், இடதுபுறம் திரும்புகிறீர்கள் என்று நினைப்பார். வண்டி பழுதாகி வழியில் நிற்கும்போது போடுவதற்கானது அது.

கே: இன்சூரன்ஸ் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள், என்ன செய்வது?

ப: முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு, பிறகு இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். இங்கே சொல்லுக்குத்தான் பதில்.

கே: ஹசார்டுக்கு 'இடர்' என்கிறீர்களே, 'தீங்கு' என்று மொழிபெயர்த்தால் போதாதா? 'இடர்' ரிஸ்க்குக்கு உரியது.

ப: தீங்கு என்பது நேர்ந்துவிட்ட கேடு. கேன் தீங்கு இல்லை, தீங்கு அதிலிருந்து வரும்.

கே (அவரே): அப்படியானால் டிஸாஸ்டர் எப்படிப் 'பேரிடர்' ஆனது?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அரசு 'பேரிடர் மேலாண்மை' என்று வைத்ததால், 'இடர்' என்றாலே நடந்து முடிந்த துன்பம்தான் மனதில் வருகிறது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் ரிஸ்க் 'அபாயம்' ஆகிறது. மண்டையோடு போட்ட மின்சாரப் பலகையிலும் அதே 'அபாயம்', அங்கே டேஞ்சர். 'இடர்' ரிஸ்க்குக்கே இருக்கட்டும், விட்டுக்கொடுக்கிறேன். ஹசார்டுக்கு 'ஆபத்து மூலம்'. அழகில்லைதான், ஆனால் குழப்பாது. தொழிலாளி படிக்கும் பலகையில் இரண்டுமே வேண்டாம், 'தரை வழுக்கும்' போதும்.

கே: மாரல் ஹசார்ட் என்றால் ஒழுக்கக் கேடா?

ப: அகராதியின் முதல் பொருளை ஒட்டாதீர்கள். நஷ்டத்தை வேறொருவர் ஏற்பார் என்றதும் கவனம் தளர்வது அது. திருட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பைக்கைப் பூட்டாமல் விடுவது.

கே: 'ஹசார்ட் எ கெஸ்' என்பதில் என்ன ஆபத்து?

ப: பழைய பிரெஞ்சில் ஹசார் பகடையாட்டம். துணிந்து உருட்டிப் பார்ப்பதுபோல ஊகித்துச் சொல்வது.

கே: சார், ஹசார்டும் ரிஸ்க்கும் ஒன்றுதானே?

ப: முதல் பதில். கேன்.