சிலந்தி நண்டு ஏன் ஓடு கழற்றவில்லை?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் கரையோரக் கடலில் கூண்டு வைத்து நண்டு வளர்க்கிறேன். வியாபாரி ஒருவர், கால் நீண்டு உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த சிறு உருண்டை நண்டுகளைக் குஞ்சு என்று கொடுத்தார். ஜப்பான் வகை, கால் விரித்தால் 12 அடி வரும் என்று கைபேசியில் படமும் காட்டினார். இரண்டு மாதமாக மத்தி போட்டும் ஒன்றுகூட ஓடு கழற்றவில்லை. ஏற்றி வரும்போது உதிர்ந்த கால்களும் முளைக்கவில்லை. ஓடு கழற்ற டானிக் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? சில நண்டுகளில் ஆரஞ்சு நிறச் சினை இருக்கிறது. குஞ்சு எடுக்க முடியுமா?

பதில்: டானிக் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பவை குஞ்சுகளே அல்ல. வளர்ந்து முடிந்த சிலந்தி நண்டுகள். சினை பிடித்திருப்பதே அதற்குச் சாட்சி. சேற்று நண்டு பருவமடைந்த பிறகும் ஓடு கழற்றும். சிலந்தி நண்டுக் குடும்பம் அப்படியில்லை. பருவமடையும்போது கழற்றுவதுதான் கடைசி. அதன்பின் சாகும்வரை அதே ஓடுதான். நண்டுக்குப் புதுக் கால் வருவது ஓடு கழற்றும்போதுதான் என்பதால், உதிர்ந்த கால் இனி வராது. இதை மாற்றும் மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை. மத்தி போட்ட காசும் போனதுதான்.

ஜப்பான் நண்டுக்குக் கால் விரிப்பு 12 அடி என்பது உண்மை. அது குளிர்ந்த ஆழ்கடலில் வாழும் வேறு இனம். உங்களுக்கு வந்தது இழுவை வலையில் கழிவு மீனோடு ஏறி, கரையில் யாரும் விலை கேட்காத சரக்கு. அதைக் குஞ்சு என்று விற்பது அறியாமை அல்ல, ஏமாற்று.

சினையைப் பற்றி: ஆரஞ்சு நிறம் பழுப்பாகி, குஞ்சின் கண் தெரியத் தொடங்கியதும் கறுக்கும். பொரித்து வருவது நண்டு போலவே இருக்காது. பெரிய கண்ணும் வாலுமாக நீரில் மிதக்கும் துகள். அதன் பெயர் சோயியா. சேற்று நண்டு ஐந்து சோயியா நிலைகளைத் தாண்ட வேண்டும், நீலக்கால் நண்டு நான்கு. சிலந்தி நண்டுக்கு இரண்டே. அடுத்து மெகலோபா என்ற இடைநிலை, அதன்பின் குட்டி நண்டு. ஆகவே பொரிப்பகத்தில் எடுக்க முடியும். உங்கள் கூண்டில் முடியாது, சோயியா வலைக்கண் வழியே கடலோடு போய்விடும். எடுத்தாலும் யாரிடம் விற்பீர்கள்? நம் கரையில் கிடைக்கும் இந்த நண்டின் காலை உடைத்துப் பாருங்கள், உறிஞ்சக்கூடச் சதை இருக்காது. இன்னொன்று: பெண் நண்டு ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும். சினை பொரித்த பின் ஆண் இல்லாமலே மறுபடி சினை வைத்தால், டானிக் வேலை செய்கிறது என்று அவர் சொல்லக்கூடும். நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது என்பதை. நான் எல்லோரிடமும் சண்டை போட்டுச் சொல்வது இதுதான்: நண்டை முதுகுப்பக்கம் பார்த்து வாங்காதீர்கள், திருப்புங்கள். பெண்ணின் வயிற்று மடல் அகன்று, அடிப்பகுதி முழுவதையும் மூடியிருந்தால் அது பருவமடைந்தது. குறுகியிருந்தால் இன்னும் இளசு. பாறையிலும் படகடியிலும் ஒட்டும் சிப்பி போன்ற கொட்டலசு ஓட்டில் ஒட்டி, அழுக்கேறியிருந்தால் அது கழற்றி வெகு நாளாயிற்று. சேற்று நண்டானால் கடைசிக் காலின் அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றி, சதை பிடிக்காமல் நீர் கோத்த நண்டு. மூன்று நான்கு வாரம் தீனி போட்டால் சதை கட்டி எடை ஏறும். கூண்டுக்காரருக்குப் பணம் வருவது இதில்தான். குஞ்சு வாங்கி வளர்க்கும் ஆசையைக் கூண்டில் வைக்காதீர்கள். ஒன்றை ஒன்று தின்றுவிடும், மிஞ்சுவது கணக்குக்கு வராது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க விடாத வியாபாரியிடம் ஒரு கிலோகூட எடுக்க வேண்டாம். நேரமில்லை, பஸ் போய்விடும் என்பார், போகட்டும்.

இருப்பவற்றைச் சினையோடு கடலில் விட்டுவிட்டுக் கூண்டைக் காயப் போடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகும்போது அந்த டானிக் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.