தம்பி சொல்வது பொய்யல்ல

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தம்பிக்கு 44 வயது. இருபது வருடம் சிகரெட் பிடித்தவன், எட்டு மாதமாக வேப் என்று ஏதோ ஒன்றை இழுக்கிறான். கேட்டால், "இங்கே டாக்டர்களே கொடுக்கிறாங்க அக்கா" என்கிறான். நம் நாட்டில் அதற்குத் தடை என்கிறார்களே! தை மாதம் என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வருகிறான். பொய் சொல்கிறானா? திட்டி நிறுத்த வைக்கட்டுமா?
- ஒரு சகோதரி, திருச்சி

பதில்: பொய் இல்லை அம்மா. சிகரெட்டை விட நினைக்கும் பத்து லட்சம் பேருக்கு வேப் கருவியை இலவசமாகத் தரப்போவதாக 2023-ல் பிரிட்டன் அரசே அறிவித்தது. சிகரெட்டில் புகையிலை எரியும்போது வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் உடம்பை அதிகம் கெடுக்கின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. புகையிலையில் இருந்து நம்மை அடிமையாக்கும் நிக்கோட்டின் கலந்த திரவம் சூடாகி ஆவியாகிறது. தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சிகரெட்டைவிடக் குறைவு.

இங்கிலாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை எடுத்தவர்களில் 9.9 சதவீதம்தான். கையில் பிடிப்பதும் இழுத்து ஊதுவதும் அப்படியே இருப்பதால் பழைய ஆட்களுக்கு இது ஒத்துப்போகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் வேப்பை விடவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வானேன் என்று பலர் அதன் பக்கமே போகாததும் நியாயம்தான். சிகரெட்டே பிடிக்காத பிள்ளைகள் இதைத் தொடவே கூடாது. இந்தியா தடை போட்டதும் அவர்களை நினைத்துத்தான்.

வேப்பைத் தடை செய்த அந்த 2019 சட்டப்படி இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் கருவியை லண்டனிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

எனக்குப் பயமே அதற்கு அப்புறம்தான். வேப் கையில் இருக்காது. ஆனால் தெருமுனைப் பெட்டிக்கடையில் சிகரெட் சில்லறையாகக் கிடைக்கும். பந்தல் ஓரம் நிற்கும் மச்சான் ஒருவர், "ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை" என்று நீட்டுவார். எட்டு மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். புறப்படும் முன்பே அங்குள்ள மருத்துவரிடம் கேட்டு நிக்கோட்டின் பேட்ச்சும் சூயிங்கமும் வாங்கிக்கொள்ளட்டும். தீர்ந்துபோனால் இங்கே மெடிக்கல் ஷாப்பிலும் 2 மில்லிகிராம் சூயிங்கம் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று ஏறும் வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். உடனே போட்டால் மருந்து சரியாக ஏறாது. கல்யாண வீட்டுக் காபியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

திட்ட வேண்டாம் அம்மா. திட்டினால் உங்களுக்குத் தெரியாமல் சிகரெட்டுக்கே திரும்புவார். அடுத்த தடவை போனில் பேசும்போது, "எட்டு மாசமா சிகரெட்டைத் தொடலையாடா?" என்று சந்தோஷமாகக் கேளுங்கள். வேப்பை எப்போது விடுவது என்ற பேச்சைக் கல்யாணம் முடிந்து அவர் ஊர் திரும்பிய பிறகு எடுக்கலாம்.