இரண்டு நகரத்துக்கும் நடுவில் நிலம்

பாதி தூரத்தில் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் ஒரு நகரத்திலும் உங்கள் துணைவர் இன்னொரு நகரத்திலும் வேலை பார்ப்பதால் சரிபாதியில் வீடு கட்ட நிலம் தேடுகிறீர்கள், எல்லாமே எட்டாத விலை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்த இடம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும், இரண்டு ஊர்க்காரர்களும் அங்கேதான் கேட்பார்கள், நாளைக்குக் கடையோ மனையோ ஆகும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் விற்பவர் விலை சொல்வார்.

கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். வரைபடச் செயலியில் வேலைநாள் காலை 8 மணிப் பயணம் என்று வைத்து, இரண்டு அலுவலகத்துக்கும் 1 மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய எல்லையைத் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் சேரும் பகுதிக்குள், பெரிய சாலையிலிருந்து 8, 10 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களைப் பாருங்கள். வாரத்தில் 2 நாள் மட்டும் அலுவலகம் போகிறவர் கூடுதல் தூரம் போகலாம், அதற்கேற்ப எல்லையை நகர்த்துங்கள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து இரண்டு பேரும் நிஜமாகவே கிளம்பிப் பாருங்கள், மாலையில் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த நேரத்தை நம்பவே வேண்டாம்.

ஆனால் விலை மிகவும் குறைவாக இருந்தால் பாதையை விசாரியுங்கள். அடுத்தவர் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அந்த உரிமை பத்திரத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. விவசாய நிலத்தில் வீடு கட்ட அனுமதி உண்டா, தண்ணீர் கிடைக்குமா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.