வாசகர் கேள்வி – பதில்: இரண்டாம் பேசில்

கே: சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பேசிலும் நம் ராஜராஜ சோழனும் ஒரே காலத்தவர்களா? (வாசகி, அண்ணா நகர்)

ப: ஆமாம். பைசாந்தியம் என்பது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு. பேசிலின் ஆட்சி 976 முதல் 1025 வரை. ராஜராஜன் 985 முதல் 1014 வரை. நினைவில் நிறுத்த எளிய வழி உண்டு. ராஜராஜன் காலம் முடிந்த 1014-இல் பேசில் கிளெய்தியன் கணவாயில் பல்கேரியரை வென்றார். ராஜேந்திரன் படை கடாரத்துக்குக் கப்பலேறிய 1025-இல், டிசம்பர் 15 அன்று, பேசில் இறந்தார். பேசிலுக்கும் ராஜராஜனுக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததாக யூடியூபில் யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

கே: 15,000 கைதிகளின் கண்களைக் குருடாக்கினார் என்பது நிஜமா? (வாசகர், பெரம்பூர்)

ப: குருடாக்கினார் என்பதில் சந்தேகமில்லை, எண்ணிக்கையில்தான் சந்தேகம். பல்கேரிய மன்னர் சாமுவேல், பெலாசித்சா மலையை ஒட்டிய கிளெய்தியன் கணவாயில் மரத்தடுப்பு கட்டி வழியை அடைத்திருந்தார். நேரே மோதிய தாக்குதல்கள் பலிக்கவில்லை. தளபதி நிக்கிபோரஸ் சிஃபியாஸ் ஒரு பிரிவை அழைத்துக்கொண்டு மலையைச் சுற்றிப் போய், ஜூலை 29 அன்று பின்பக்கமாக இறங்கினார். காவலர்கள் திரும்பி ஓட, முன்னால் நின்ற பேசில் தடுப்பை உடைத்தார். கைதிகளில் நூற்றுக்கு ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டுவைத்து, மற்றவர்களுக்கு வழிகாட்டச் சொல்லி அனுப்பினார் என்பது பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்ஸஸ் எழுதியது. அதைக் கண்டு சாய்ந்த சாமுவேல் அக்டோபர் 6-இல் இறந்தார்.

ஆனால் 15,000 பேரை ஒரே நாளில் இழந்த நாடு அடுத்து நான்கு ஆண்டுகள், 1018 வரை, எப்படிப் போரிட்டது? அதனால்தான் எண் ஊதிப் பெருத்தது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பரீட்சையில் எண்ணை எழுதினால், ‘என்பர்’ சேர்த்து எழுதுங்கள்.

கே: பெரிய பண்ணையார்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கினாராமே, ஏழைகள் மேல் அவ்வளவு பாசமா? (வாசகர், தாம்பரம்)

ப: பாசத்தைவிடப் பயமும் கணக்கும்தான் அதிகம். 927–928 கடுங்குளிரிலும் பஞ்சத்திலும் சிற்றூர்க்காரர்கள் தானியத்துக்காக நிலத்தை விற்றார்கள், வாங்கியவர்கள் பெருங்குடும்பங்கள். படைக்கு ஆள் தந்தது சிறுநிலம். ஒரு குதிரை வீரனின் நிலம் குறைந்தது 4 பவுண்டு பொன் மதிப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலம் பண்ணைக்குள் போனால் அரசனுக்கு வீரனும் இல்லை, வரியும் ஒழுங்காக வராது. போதாததற்கு அதே பெருங்குடும்பத்துத் தளபதிகளான பார்டாஸ் ஸ்கிளிரோஸ், பார்டாஸ் ஃபோகாஸ் இருவரும் பேசிலுக்கு எதிராகவே கிளம்பினார்கள். தங்கை அன்னாவைக் கீவ் அரசர் விளாடிமிருக்குக் கொடுத்து, அங்கிருந்து வந்த 6,000 வரங்கியரை (வடநாட்டுக் கூலிப்படை வீரர்களை) வைத்துத்தான் ஃபோகாஸை அடக்க முடிந்தது. 989 ஏப்ரலில் அபிதோஸ் களத்தில் ஃபோகாஸ் இறந்தார்.

பழைய சட்டப்படி, வாங்கியவர் 40 ஆண்டுகள் நிலத்தைக் கையில் வைத்திருந்தால் பழைய சொந்தக்காரன் கேட்க முடியாது. பணக்காரர்கள் செல்வாக்கையும் கையூட்டையும் வைத்து அந்த 40 ஆண்டுகளை ஓட்டிவிடுவார்கள். 996-இல் பேசில் அந்தக் காலக்கெடுவையே தூக்கிவிட்டார். நிலம் திரும்பப் போகும். விலையும் கிடையாது, செய்த மேம்பாட்டுக்கு ஈடும் கிடையாது. ஃபிலோகலீஸ் என்பவர் ஏழைக் குடியானவராக இருந்து பதவிக்கு வந்து ஊர் முழுவதையும் வளைத்தவர். அவர் கட்டிய மாளிகையை இடித்து, நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, அவரைப் பழையபடி உழவராக்கினார். கப்பதோக்கியாவில் (இன்றைய துருக்கியில்) அரசர் படைக்கே தாராளமாக விருந்து வைத்த பெரும்பண்ணையார் மலெய்னோஸ் கதி இன்னும் மோசம்: தலைநகரத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டார்கள், இறந்ததும் சொத்து கஜானாவுக்கு. விருந்தாளி மனத்தில் கணக்கு ஓடியிருக்கிறது!

சுமார் 1002-இல் இன்னொரு அடி: ஊரில் ஏழை கட்டாத வரியைப் பக்கத்துப் பணக்காரனே கட்ட வேண்டும். இதை 1028-இல் பின்வந்த பேரரசர் மூன்றாம் ரோமானஸ் நீக்கிவிட்டார்.

கே: அவர் விட்டுச்சென்ற தங்கம் எவ்வளவு? (வாசகி, தி.நகர்)

ப: தி.நகரிலிருந்து வேறு எந்தக் கேள்வி வரும்? 2,00,000 டேலண்ட் (பழைய எடை அளவு) என்கிறார் வரலாற்றாசிரியர் செல்லோஸ். ஒரு டேலண்டை ஒரு ரோமன் பவுண்டாகக் கொண்டால், பவுண்டுக்கு 72 நோமிஸ்மா (பைசாந்தியத் தங்கக் காசு) வீதம் 1 கோடியே 44 லட்சம் காசு. ஒரு காசு சுமார் 4.4 கிராம், அதாவது அரை சவரனைவிடச் சற்றுக் கூடுதல். எல்லாம் தங்கமாகவே இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். இடம் போதாமல் நிலத்தடியில் சுழல் வழிகள் தோண்டினார் என்றும் செல்லோஸ் எழுதுகிறார்.

கே: பிடித்த பல்கேரியாவை எப்படி ஆண்டார்? (வாசகர், வேளச்சேரி)

ப: இங்குதான் அவருடைய மூளை தெரிகிறது. அங்கே காசுப் புழக்கம் குறைவு. ஆகவே வரியைப் பொருளாகவே வாங்கினார்: ஒரு ஜோடி ஏர்மாட்டுக்கு ஒரு மோடியஸ் (தானிய அளவு) கோதுமை, ஒரு மோடியஸ் தினை, ஒரு ஜாடி ஒயின். சாமுவேல் காலத்து வழக்கத்தை மாற்றவில்லை. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளாத அவர், பின்னால் வருபவர் யார் என்று யோசிக்கவே இல்லை. அரியணை வயதான தம்பி எட்டாம் கான்ஸ்டன்டைனுக்குப் போனது. பிறகு நான்காம் மைக்கேல் ஆட்சியில் அவருடைய அண்ணன், நிதியைக் கவனித்த ஜான், இனிமேல் காசாகத்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். 1040-இல் பல்கேரியா கிளர்ந்தெழுந்தது.