மோர் மிளகாய் பூத்துப்போனால்

தாழ்வாரத் தொட்டியில் காய்த்த மிளகாயை மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தால், மூன்றாம் நாளே வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பூத்ததை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கழுவி வெயிலில் காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. ஊரில் சித்திரை வெயிலுக்கு மொட்டைமாடியில் தானாகச் சுக்காகிவிடும். சிங்கப்பூரில் காலையில் சுள்ளென்று அடிக்கும், மத்தியானம் மழை கொட்டும், காற்றெல்லாம் ஈரம்.

அதனால் பகலில் காயவைத்து இரவில் மறுபடி மோரில் போடுகிற வழக்கம் இங்கே வேண்டாம். கால் கிலோ மிளகாய்க்குப் புளித்த தயிர் ஒரு கப், கல்லுப்பு மூன்று மேசைக்கரண்டி. காம்பைக் கிள்ளாமல், நுனியை மட்டும் கீறி, ஃபிரிட்ஜிலேயே மூன்று நாள் ஊறட்டும். பிறகு நன்றாக வடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஓவனில் 60 டிகிரி செல்சியஸில் கதவைக் கொஞ்சம் திறந்தபடி வையுங்கள். பல மணி நேரம் பிடிக்கும், கரண்ட் பில்லும் ஏறும்தான். ஒடித்தால் பட்டென்று முறியணும், குலுக்கினால் விதை சலசலக்கணும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போடாதீர்கள்.

சில்லி பாடி என்கிற குட்டி மிளகாய் இதற்கு ஆகாது, காரம் கொன்றுவிடும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கிடைக்கும் நீட்டுப் பச்சைமிளகாயே தேவலை.

அப்புறம், அடுக்குமாடிப் பொதுத் தாழ்வாரத்தில் தொட்டியோ தட்டோ வைத்தால் ஆள் போக 1.2 மீட்டர் நடைவழி விடுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு இருந்தால் கொசுச் சோதனையில் அபராதம் வரும்.